பழைய அறிமுகம், ஓயாத மின்னஞ்சல்: மனம் நோகாமல் நிறுத்தச் சொல்வது எப்படி?

3 ஆகஸ்ட் 2024, காலை 10.20 – கேள்வி

நான் அரசு வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர், ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து யாரிடமோ என் மின்னஞ்சல் முகவரியை வாங்கி எழுதத் தொடங்கினார். முதலில் நலம் விசாரிப்பு மட்டும்தான் வந்தது. இப்போது நாளொன்றுக்குப் பத்துக்குக் குறையாமல் கோயில் தல வரலாறு, சர்க்கரை நோய்க்கு வெந்தயம், தேர்தல் கணிப்பு, யாரோ எழுதிய கவிதை, முப்பது பக்க பிடிஎஃப் என்று வந்துகொண்டே இருக்கின்றன. நான் வீட்டுக் கடன் வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அவர். ஆகவே தடுத்துவிட மனம் வரவில்லை. 'நன்றி சார்' என்று எழுதினால் மறுநாள் இரட்டிப்பாகிறது. எழுதாவிட்டால் தொலைபேசியில் அழைத்து 'பார்த்தாயா?' என்கிறார். மரியாதை குறையாமல் இதை நிறுத்த என்ன வழி?

3 ஆகஸ்ட் 2024, இரவு 9.15

முதலில் அந்த அஞ்சல்களின் பெறுநர் வரியைப் பாருங்கள். உங்கள் முகவரி மட்டும் அங்கே இருக்கிறதா, ஐம்பது அறுபது பேருடைய முகவரிகளுக்கு நடுவில் இருக்கிறதா, அல்லது பெறுநர் இடத்தில் அவர் தம் முகவரியையே போட்டு உங்களை மறைநகலில் (பிசிசி) வைத்திருக்கிறாரா என்பதைப் பொறுத்து நீங்கள் செய்யவேண்டியது மாறும். பட்டியலுக்கு அனுப்பும்போது அவர் உங்களை நினைத்து அனுப்புவதில்லை. பட்டியலின் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்துகிறார். அந்தப் பட்டியலில் நாளை நீங்கள் இல்லாமல் போனால் அவருக்கு அது தெரியக்கூடப் போவதில்லை. உங்களுக்கென்று உட்கார்ந்து எழுதும் கடிதம் வேறு வகை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'சாருடைய தொல்லை' என்று வைத்துக்கொண்டால், தடுப்பது அல்லது பொறுத்துக்கொள்வது என்ற இரண்டு வழிகள்தான் கண்ணில் படும்.

'நன்றி சார்' என்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அறுபது பேரில் நான்கைந்து பேர் மட்டுமே பதில் எழுதுகிறார்கள், அவர்களில் நீங்கள் ஒருவர் என்றால், நீங்கள் ஆவலோடு படிப்பதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன்.

3 ஆகஸ்ட் 2024, இரவு 9.50

விட்டுப்போன ஒன்று. ஜாமீன் கையெழுத்துக்கான நன்றிக்கடனை வெந்தயக் குறிப்புகளைப் படித்துத் தீர்க்க முடியாது. அவர் வீட்டில் விசேஷம் என்றால் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். உடம்பு சரியில்லை என்றால் ஓர் எட்டு போய்ப் பாருங்கள். அந்தக் கணக்கை அஞ்சல் பெட்டிக்குள் கொண்டுவர வேண்டாம்.

5 ஆகஸ்ட் 2024, மாலை 6.30

எனக்கு இப்படி நேர்ந்ததுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. முதுகலை வேதியியலில் என்னுடன் படித்தவர், பல்லாண்டுகளாக வெளிநாட்டில் இருப்பவர், பழைய மாணவர் சந்திப்பு ஒன்றுக்குப் பிறகு எழுதத் தொடங்கினார். ஆய்வகத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு நாற்றம், விடுதிச் சாம்பார், எங்களைக் கண்டாலே பிப்பெட்டை எண்ணத் தொடங்கும் ஆய்வக உதவியாளர் என்று பழைய கதைகள் வந்தபோது நானும் மகிழ்ச்சியாக நீண்ட பதில்கள் எழுதினேன். பிறகு ஒரு கடிதத்துக்கு நான் பதில் எழுதி முடிக்குமுன் அடுத்த இரண்டு வந்து நிற்கத் தொடங்கின. அவர் தம் வாழ்க்கை வரலாற்றை அத்தியாயம் அத்தியாயமாக எழுதி அனுப்பிக் கருத்துக் கேட்பார். கருத்து வரச் சற்றுத் தாமதமானால் 'கிடைத்ததா?' என்று ஓர் அஞ்சலும், அதைத் தொடர்ந்து அதே அத்தியாயத்தின் திருத்திய வடிவமும் வரும். திருத்தியதில் என்ன மாறியிருக்கிறது என்று தேடுவதே ஒரு வேலையாகிவிட்டது.

எங்கள் வகுப்பில் படித்த இன்னொருத்திக்கும் அதே அத்தியாயங்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் சாமர்த்தியமாக, கண்ணில் தொந்தரவு, அதிக நேரம் திரையைப் பார்க்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார் என எழுதிவிட்டாள். அந்த மனிதர் பரிவோடு விசாரித்தார். அடுத்த வாரத்திலிருந்து அத்தியாயங்களைத் தம் குரலிலேயே பதிவு செய்து ஒலிக்கோப்பாக அனுப்பத் தொடங்கினார். முன்பாவது பத்து நிமிடத்தில் கண்ணை ஓட்டிவிடலாம்; அதன் பிறகு முக்கால் மணி நேரம் கேட்கவேண்டி வந்தது.

பொய்க் காரணம் சொன்னால் இப்படித்தான் ஆகும். நாம் ஒரு தடையைச் சொன்னால், அன்புள்ள மனிதர் அந்தத் தடையை நீக்க முயல்வார். பெட்டி நிரம்பிவிட்டது என்று எழுதினால், கூகுளில் 15 ஜிபிக்கு மேல் எப்படிப் பணம் கட்டி வாங்குவது என்று படம் போட்டு விளக்கம் வரும். வேலை அதிகம் என்று எழுதினால், தீபாவளி விடுமுறை வரை காத்திருந்து மொத்தமாக அனுப்புவார்.

நான் அவருக்கு உண்மையையே எழுதினேன். மாதம் ஒரு கடிதம் என்றால் முழுதாகப் படித்துப் பதில் எழுத என்னால் முடியும், அதற்கு மேல் முடியாது, அத்தியாயங்களுக்குக் கருத்துச் சொல்லும் பொறுப்பை நான் ஏற்க இயலாது என்று. 'புரிந்துகொண்டேன்' என்று ஒரே ஒரு சொல்லில் பதில் வந்தது. அதன் பிறகு நீண்ட நாள் அமைதி. அந்த அமைதியைத் தாங்குவதுதான் இதில் உண்மையான சிரமம் என்று சொல்வேன். சமாதானமாக நாலு வரி எழுதிவிடலாமா என்று கை பரபரக்கும். எழுதியிருந்தால் எல்லாம் பழையபடி தொடங்கியிருக்கும். இப்போது எப்போதாவது எழுதுகிறார், நன்றாகவே எழுதுகிறார். மற்றவர்களிடம் என்னைக் 'கறார் பேர்வழி' என்று சொல்வதாகக் கேள்வி. சொல்லட்டும்.

6 ஆகஸ்ட் 2024, இரவு 10.05

உங்கள் சாருக்கு எழுத ஒரு மாதிரி:

'அன்புள்ள சார், வணக்கம். நீங்களும் வீட்டில் அனைவரும் நலம் என்று நம்புகிறேன். ஒரு வேண்டுகோளுக்காக எழுதுகிறேன். பலருக்கும் சேர்த்து நீங்கள் அனுப்பும் கட்டுரைகளையும் கோப்புகளையும் நான் படிப்பதில்லை. இனியும் படிக்க இயலாது. ஆகவே அந்தப் பட்டியலிலிருந்து என் முகவரியை நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எனக்கென எழுதும் கடிதங்களை எப்போதும்போல் படிப்பேன். பதில் எழுத மட்டும் சில நாள் ஆகலாம். அந்தப் பக்கம் வரும்போது அவசியம் வீட்டுக்கு வருகிறேன்.'

இதைப் புதிய அஞ்சலாக எழுதுங்கள். அவர் அனுப்பிய ஏதோ ஒன்றுக்குப் பதிலாக எழுதினால், அந்த ஒன்றுதான் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று அவர் நினைப்பார். அது தேர்தல் கணிப்பாக இருந்துவிட்டால் நீங்கள் எந்தக் கட்சி என்ற ஆராய்ச்சி தொடங்கிவிடும். 'அனைவருக்கும் பதில்' பொத்தானை மறந்தும் தொடாதீர்கள். அறுபது பேர் முன்னிலையில் வாங்கிய அடியை எந்த ஓய்வு பெற்ற அதிகாரியும் மறப்பதில்லை.

7 ஆகஸ்ட் 2024, காலை 7.40

நேற்றைய மாதிரியை மறுபடி படித்தபோது இரண்டு இடங்கள் உறுத்தின. 'எனக்கென எழுதும் கடிதங்களை எப்போதும்போல் படிப்பேன்' என்பதை, நீங்கள் உண்மையிலேயே அப்படிச் செய்வதாக இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் எடுத்துவிடுங்கள். 'அவசியம் வீட்டுக்கு வருகிறேன்' என்பதும் அப்படியே. போகாமல் இருந்துவிட்டால், விலக்குவதற்காகச் சொன்ன உபசார வார்த்தை அது என்று அவருக்குப் புரிந்துவிடும். நாள் குறித்துச் சொல்ல முடிந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

'நான் படிப்பதில்லை' என்று வெட்டென்று எழுதலாமா, 'படிக்க நேரம் அமைவதில்லை' என்று எழுதக் கூடாதா என்று ஒருவர் கேட்கிறார். கூடாது என்றே நினைக்கிறேன். நேரம் அமைவதில்லை என்றால் என்றோ ஒரு நாள் அமையும் என்று பொருள்.

9 ஆகஸ்ட் 2024, பிற்பகல் 3.10

கடிதம் எழுதும் துணிவு இன்னும் வரவில்லை, அதுவரை என்ன செய்வது என்கிறீர்கள். ஜிமெயில் என்றால் வடிகட்டி (ஃபில்டர்) போடுங்கள். கைபேசிச் செயலியில் அதை உருவாக்க இயலாது. கணினியில் உலாவி வழியாகத் திறக்க வேண்டும். அனுப்புநர் இடத்தில் அவருடைய முகவரியை இட்டு, பொருள் வரியில் முன்னனுப்பிய அஞ்சலின் அடையாளமாக வரும் 'எஃப்.டபிள்யூ.டி.' அல்லது 'எஃப்.டபிள்யூ.' என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கவேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். அப்படி வருபவை இன்பாக்ஸுக்கு வராமல், படித்ததாகக் குறியிடப்பட்டு, தனி லேபிளின் கீழ் போகும்படி செய்துவிடலாம். கோப்பு இணைத்து வருபவற்றுக்கு இன்னொரு வடிகட்டி. அவர் கையால் எழுதும் சாதாரணக் கடிதம் இரண்டிலும் சிக்காமல் வழக்கம்போல் வந்து சேரும்.

முழுதாகத் தடுப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. தடுக்கப்பட்டவருக்கு அது அறிவிக்கப்படாது என்பது உண்மை. ஆனால் அவருடைய அஞ்சல்கள் எல்லாம் ஸ்பேமுக்குப் போய், 30 நாளில் தாமாக அழிந்துவிடும். வெந்தயத்துக்கும் தல வரலாற்றுக்கும் இடையில், உங்களுடன் பணியாற்றிய யாரோ காலமாகிவிட்டார், நாளை காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள் என்ற செய்தியும் இவரைப் போன்றவர்களிடமிருந்துதான் முதலில் வரும். அதைத் தவறவிட்டால் பிறகு அந்த வீட்டில் முகம் கொடுத்துப் பேச முடியாது. லேபிளில் கிடந்தால் வாரம் ஒருமுறை தலைப்புகளை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்பேம் என்று புகார் செய்யும் பொத்தானும் வேண்டாம். அதை அழுத்தினால் அந்த அஞ்சலின் நகல் கூகுளுக்குப் போகும். லாட்டரி மோசடிக்காரனுக்கு அது சரி. ஜாமீன் போட்டவருக்கு முறையாகாது.

விடுமுறைத் தானியங்கிப் பதிலை வைத்து ஏமாற்றலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. ஒரே ஆள் எழுதிக்கொண்டே இருந்தால் நான்கு நாளுக்கு ஒருமுறைதான் ஜிமெயில் அந்தப் பதிலை அனுப்பும். அந்த ஒன்றைப் பார்த்ததுமே, 'எந்த ஊரில் இருக்கிறாய், துணைக்கு யார் இருக்கிறார்கள்?' என்று அவர் தொலைபேசியில் அழைப்பார். பயணமே போகாதவர் அப்போது திருப்பதி, காசி என்று ஏதாவது சொல்லியாகவேண்டும். பிரசாதம் எங்கே என்றும் கேட்பார்.

10 ஆகஸ்ட் 2024, காலை 8.00

உரையாடலை 'மியூட்' செய்தால் போதாதா என்ற கேள்விக்கு: அது ஒரே தலைப்பில் தொடரும் பதில்களை மட்டும் ஒதுக்கும். அறுபது பேரும் 'அருமை', 'நன்றி', 'பகிர்ந்தமைக்கு வணக்கம்' என்று அடுக்கும் இழைக்கு அது பயன்படும். தினமும் புதிய தலைப்பில் எழுதுபவரிடம் பலிக்காது.

12 ஆகஸ்ட் 2024, இரவு 9.00

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று ஒரு நண்பர் கொதிக்கிறார். கொஞ்சம் வரலாறு. வேண்டாத மொத்த அஞ்சல் என்பதற்கு முதல் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது, 1978 மே 3 அன்று டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துர்க் என்பவர், இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் ஏறக்குறைய நானூறு பேருக்கு அனுப்பிய கணினி விளம்பரம். பின்னாளில் 2003இல் அமெரிக்கா இயற்றிய கேன்-ஸ்பேம் சட்டமும் வணிக அஞ்சலைப் பற்றியதுதான். நண்பர் அனுப்பும் வெந்தயம் அந்தச் சட்டத்துக்குள் வராது.

இந்தியாவில் ஒரு காலத்தில் வந்திருக்கக்கூடும் என்பதுதான் வேடிக்கை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 66ஏ பிரிவு, எரிச்சலோ அசௌகரியமோ உண்டாக்கும் நோக்கத்துடன் மின்னஞ்சல் அனுப்புவதையே மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. பிறரை எரிச்சலூட்டுவது சிறைக்குரிய குற்றம் என்றால் நம் குடும்பங்களில் யாரும் வெளியே இருக்க மாட்டார்கள். அந்தப் பிரிவு பேச்சுரிமைக்கு முரணானது என்று, ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை முழுதாக நீக்கியது. நீக்கியது சரி என்றே நான் கருதுகிறேன். ஒரு கடிதத்தில் முடியவேண்டிய சங்கடத்துக்குக் காவல் நிலையம் எதற்கு?

13 ஆகஸ்ட் 2024, காலை 11.25

நேற்றைய குறிப்பின் கடைசி வரி எல்லாருக்கும் பொருந்தாது. ஒரு பெண் எழுதியிருக்கிறார். பள்ளியில் உடன் படித்தவர், எதிர்பாராமல் தொடர்பு ஏற்பட்டபின் நாள்தோறும் எழுதுகிறார். எழுதுவது கட்டுரையோ பிடிஎஃபோ அன்று. 'நேற்று உன் புகைப்படத்தில் நீலப் புடவை நன்றாக இருந்தது', 'உன் கணவர் ஊரில் இல்லையா?' என்கிற வகை. இவருக்கு என் ஆகஸ்ட் 6 மாதிரிக் கடிதம் உதவாது. அதில் உள்ள நலம் விசாரிப்பையும் வருகிறேன் என்பதையும் அந்த மனிதர் வேறு விதமாக எடுத்துக்கொள்வார்.

அம்மா, இரண்டே வரி எழுதுங்கள்: 'உங்களுடன் கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. இனி எந்த வழியிலும் எனக்கு எழுத வேண்டாம்.' விளக்கம் வேண்டாம், வருத்தம் தெரிவிக்க வேண்டாம், கணவர் திட்டுகிறார் என்று அவர்மேல் பழியைப் போடவும் வேண்டாம். அனுப்பிய பிறகு அவர் என்ன எழுதினாலும் பதில் எழுதாதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள். ஒரு பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாகத் தெரிவித்த பின்னும் ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்வது 2013 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 354டி பிரிவின்கீழ் குற்றம்; 2024 ஜூலை 1 முதல் அதே குற்றம், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் இருக்கிறது. முதல் முறைக்கு மூன்றாண்டு வரையும், மறுபடி செய்தால் ஐந்தாண்டு வரையும் சிறை. 'தெளிவாகத் தெரிவித்த பின்னும்' என்பதற்கு உங்கள் அந்த இரண்டு வரியும் அதன் தேதியும் சான்று. பேசித் தெரிந்துகொள்ள 181 மகளிர் உதவி எண் இருக்கிறது.

முதலில் கேட்டவருக்கு: உங்கள் சாரையும் இந்த ஆளையும் ஒரே இழையில் வைத்துப் பேச நேர்ந்ததற்கு நீங்கள் சங்கடப்பட வேண்டாம். வெளிப்பார்வைக்கு இரண்டும் அதிகப்படியான அஞ்சல்தான். உங்களுடையதில் அச்சம் இல்லை, இவருடையதில் இருக்கிறது. உபசாரம் எவ்வளவு தேவை என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

15 ஆகஸ்ட் 2024, மாலை 5.00

'பாவம், வயதானவர், தனிமையில் இருக்கிறார், வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்' என்று மூன்று நான்கு பேர் எழுதிவிட்டார்கள். இந்த இரக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. படிக்காமல் அழிக்கப்படும் அஞ்சல்களால் யாருடைய தனிமையும் குறையாது. 50 காசு அஞ்சலட்டையும் இரண்டரை ரூபாய் உள்நாட்டுக் கடித உறையும் வாங்கி எழுதிய காலத்தில் இதே மனிதர், யாருக்கு என்ன எழுதுவது என்று யோசித்துத்தான் எழுதியிருப்பார். 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கினாலும் அந்தக் கடிதம் ஒருவருக்கு மட்டும் உரியதாக இருந்திருக்கும். முன்னனுப்பும் பொத்தானுக்குச் செலவு இல்லை, யோசனையும் தேவையில்லை. பட்டியலைவிட்டு நீங்கள் வெளியேறினால்தான், உங்களிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றும்போது அவர் தாமே எழுத நேரும்.

மருத்துவக் குறிப்புகளைத் திருத்தி எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வெந்தயத்தை விட்டுவிடுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடு என்று வந்தால் மட்டும், அவருக்குத் தனியே, தொலைபேசியில் சொல்லுங்கள். எழுத்தில் திருத்தினால் மறுப்புக்கு மறுப்பாக மேலும் ஏழு பிடிஎஃப் வரும்.

18 ஆகஸ்ட் 2024, காலை 9.30 – கேட்டவர்

அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வருகிறேன் என்பதை எடுத்துவிட்டுத்தான் அனுப்பினேன். அன்று மாலையே அழைத்தார். 'இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, நான் என்ன சிங்கமா புலியா?' என்று சிரித்தார். அரைமணி நேரம் பழைய அலுவலகக் கதை பேசினோம். நேற்று முன்தினம் ஒன்றும் வரவில்லை. இன்று காலை ஆறு வந்திருக்கின்றன. என்ன செய்வது?

18 ஆகஸ்ட் 2024, காலை 10.10

அவசரப்பட்டுக் கோபப்படாதீர்கள். வந்த ஆறும் எந்த முகவரிக்கு வந்திருக்கின்றன என்று பாருங்கள். பழைய யாஹூ முகவரியோ அலுவலக முகவரியோ வைத்திருந்து, அதற்கு வருபவை இங்கே வந்து சேரும்படி எப்போதாவது அமைத்திருந்தீர்களா? ஓய்வு பெற்றவர்களின் பட்டியல்களில் ஒரே ஆள் இரண்டு மூன்று முகவரிகளில் குடியிருப்பது வழக்கம்.

19 ஆகஸ்ட் 2024, இரவு 8.45 – கேட்டவர்

நீங்கள் சொன்னதேதான், யாஹூ. அழைத்துச் சொன்னேன். தமக்குப் பட்டியலில் கை வைக்கத் தெரியாது, அதை அமைத்துக் கொடுத்த பேரன் பெங்களூருக்குப் போய்விட்டான், முதல் முகவரியை நீக்கியதே பக்கத்து வீட்டுப் பையன்தான் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை நானே போய் நீக்கிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

20 ஆகஸ்ட் 2024, காலை 7.15

போகும்போது உங்கள் பெயரை மட்டும் எடுங்கள். பட்டியலில் மற்றவர்கள் பெயரைப் பார்த்து, இவரும் படிக்கமாட்டார், அவரும் படிக்கமாட்டார் என்று நீங்களாகவே களையெடுக்கத் தொடங்கிவிடாதீர்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அவர்களே எழுதட்டும். வேண்டுமானால், அறுபது முகவரிகளும் எல்லாருக்கும் தெரியும்படி அனுப்பாமல் மறைநகலில் இடுவது எப்படி என்று காட்டிக் கொடுங்கள். 'அருமை', 'நன்றி' என்று எல்லாருக்கும் பாயும் பதில்கள் அதோடு நின்றுவிடும். அந்த அறுபது பேருக்கும் நீங்கள் செய்யும் உபகாரம் அது.

2 செப்டம்பர் 2024, இரவு 9.20

வடிகட்டிகளை எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் எடுக்க வேண்டாம். கோப்பு இணைப்புக்கானதை மட்டும் நீக்குங்கள். பேத்தியின் திருமண அழைப்பிதழை அவர் கோப்பாகத்தான் அனுப்புவார். முன்னனுப்பியவற்றுக்கானது அப்படியே இருக்கட்டும். பேரன் விடுமுறைக்கு வந்து பழைய பட்டியலை மறுபடி ஏற்றிவிட்டால் நீங்கள் இன்னொரு கடிதம் எழுதவேண்டிய அவசியம் இராது. அவர் உங்களுக்கென எழுதியதாக நீங்கள் சொன்ன அந்த ஒரு கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை என்கிறீர்கள். இந்த வாரத்துக்குள் போட்டுவிடுங்கள்.